ஹாரன் எப்படி இருக்கான்?

கடற்கரையில் நாய்களை விடலாமா கூடாதா என்கிற விஷயத்தில் சம்பந்திகள் இருவரும் எதிரெதிர்க் கட்சி. இது கல்யாணம் நிச்சயமான பிறகுதான் தெரியவந்தது. முன்பே தெரிந்திருந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் வாயை அடக்கிப் பேசியிருப்பார்கள்.

பெண்ணின் அப்பாவுக்குப் பல்செட் செய்யும் தொழில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து மெழுகில் ஈறு பிடித்து, பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. உள்ளே நுழைகிறவர்களைப் பார்த்து நாலு பக்கத்து அலமாரியிலிருந்தும் பற்கள் சிரிக்கும். காலையில் கடலில் நீந்துவது ஒன்றுதான் அவருடைய ஆடம்பரம். காலை நீச்சல் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. பொதுக் கடற்கரைக்குள் நாய்கள் வரவே கூடாது என்று நகராட்சியில் மனு கொடுத்திருந்தது அந்தச் சங்கம்தான். மணலில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. போன மாதம் சங்கத்தின் மூத்த அம்மாள் ஒருவரை, கயிறில்லாமல் ஓடிவந்த நாய் இடித்துத் தள்ளி, அவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். மனுவை எழுதியது பல்செட்காரர். நியாயத்தைத்தான் எழுதினார்.

பையனின் அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கணவர் போய்ச் சில வருடங்களாகின்றன. பையனுக்கு வெளியூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். மற்ற நாட்களில் அந்த வீட்டில் அவரும் ஹாரனும்தான். ஹாரன் என்பது பழுப்பு நிற நாய். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். "பேர்தான் ஹாரன், வாயே திறக்கமாட்டான்" என்று சம்பந்தியம்மா எல்லோரிடமும் சொல்வார். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பின் சீட்டில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். யாராவது சடாரென்று பிரேக் போட்டால் மட்டும் ஒரு பெருமூச்சு விடும். சாயங்காலமானால் கடற்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும். தடை வந்தால் அது போய்விடும். அதனால் அவரும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி எதிர்மனு ஒன்று கொடுத்திருந்தார். மாதக் கடைசியில் இரண்டு மனுக்களையும் விசாரிப்பதாக நகராட்சி சொல்லியிருந்தது.

"ஒரு நாள் அவன்கூட நடந்து பாருங்க சம்பந்தி" என்றார் அவர் ஒருமுறை. "அப்புறம் மனுவை வாபஸ் வாங்குங்கன்னு நான் சொல்லமாட்டேன். நீங்களே வாங்கிடுவீங்க."

மகள் முகத்துக்காகப் பல்செட்காரர் சரி என்றார். உண்மையில் அவருக்கு நாய் என்றாலே உதறல். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனுவில்கூடச் சுகாதாரம், பாதுகாப்பு என்றுதான் எழுதியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நீந்தி முடித்து ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி அவர் கரையேறியபோது, சம்பந்தியம்மா ஹாரனுடன் வந்துகொண்டிருந்தார். மூவரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். நாய் ஒழுங்காகத்தான் நடந்தது. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று பல்செட்காரருக்கே தோன்றியது. அப்போது சம்பந்தியம்மாவுக்குப் போன் வந்தது. மறுநாள் லைசன்ஸ் டெஸ்டுக்குப் போகிற பையன் ஏதோ சந்தேகம் கேட்டான். காற்றில் காது கேட்கவில்லை.

"கொஞ்சம் பாத்துக்குங்க" என்று கயிற்றை மணலில் விட்டுவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பேச ஆரம்பித்தார்.

பல்செட்காரரும் நாயும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சம்பந்தியம்மா திரும்பிப் பார்க்கும்போது தான் நாயைத் தடவிக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்தார். குனிந்து, அதன் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனார். தோளிலிருந்த ஈரத் துண்டு நழுவி நாயின் முகத்தில் சப்பென்று விழுந்தது.

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இது குரைக்காத நாய். சத்தமே இல்லாமல் கவ்வியது, சத்தமே இல்லாமல் விட்டது. விட்டுவிட்டு, தான் செய்தது தனக்கே புரியாததுபோல உட்கார்ந்துகொண்டது. சுண்டுவிரலுக்குக் கீழே சதையில் இரண்டு துளை. மேல் கோரைப்பல் ஒன்று, கீழ் கோரைப்பல் ஒன்று. வாழ்நாள் முழுக்கப் பல் செய்தவருக்கு எந்தப் பல் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ரத்தம் மெதுவாக ஊறி வந்தது. துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

"என்ன சொல்றான் ஹாரன்?" என்று கேட்டுக்கொண்டே சம்பந்தியம்மா திரும்பி வந்தார்.

"நல்லவன்தான்" என்றார் பல்செட்காரர். பிறகு, போகிறபோக்கில் கேட்பதுபோல, "தடுப்பூசியெல்லாம் போட்டிருக்கு இல்ல?" என்றார்.

"வருஷா வருஷம் போட்டுடுவேன். இந்த வருஷம்தான், கல்யாண அலைச்சல்ல கொஞ்சம் தள்ளிப்போச்சு. அடுத்த மாசம் போடணும்."

அதைக் கேட்டதும் அவர் விடைபெற்றுக்கொண்டார்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் சின்ன வயதுப் பெண். குழாயடியில் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவ வைத்தார். பிறகு காயத்தைச் சுற்றி ஊசி, தோளில் ஊசி.

"யாரோட நாய்?"

"தெரிஞ்சவங்க நாய்தாம்மா."

"அப்ப நல்லது. பத்து நாள் அதைக் கவனிச்சுக்கிட்டே இருங்க. அதுவரைக்கும் நல்லா இருந்துச்சுன்னா, கடிச்ச அன்னைக்கு அதுக்கு நோய் இல்லைன்னு அர்த்தம். சாப்பிடாம இருக்கிறது, எச்சில் ஒழுகுறது, தள்ளாடுறது, வீட்டை விட்டுக் காணாம போறது, இதுல எது இருந்தாலும் உடனே வாங்க. மீதி ஊசியை விடாம போட்டுக்குங்க. போட்டுக்கிட்டா பயப்பட ஒண்ணும் இல்ல."

'பயப்பட ஒண்ணும் இல்ல' என்பது அவர் காதில் ஏறவில்லை. அதற்கு முன்னால் சொன்னது எல்லாம் ஏறியது.

யாரிடமும் சொல்வதில்லை என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டார். சம்பந்தியம்மாவிடம் சொன்னால், விசாரணைக்காகக் கடி வாங்கிவந்தார் என்று நினைத்தாலும் நினைப்பார். சங்கத்தில் சொன்னால் அவர் கையைப் படமெடுத்துப் பெரிதாக அச்சடித்துக் கடற்கரை வாசலிலேயே கட்டிவிடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் கல்யாணத்தில் ஒரு விரிசல். மகள் இந்தப் பையனுக்காக வீட்டில் எத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

"என்ன கையில?" என்று மனைவி கேட்டார்.

"மெஷின்ல பட்டுடுச்சு."

"கடலுக்குப் போனவருக்கு மெஷின் எங்கேருந்து வந்துச்சு?"

"வந்ததும் பட்டறைக்குள்ளதானே போனேன். அவசர வேலை."

மனைவி அவரை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். தொண்டையில் இறங்குகிறதா என்று நின்று கவனித்தார். இறங்கியது. வெறிநோய் கண்டவர்களுக்குத் தண்ணீர் இறங்காது, காற்றுப் பட்டாலே தொண்டை இறுகும் என்று எங்கேயோ படித்திருந்தார். மனைவி மின்விசிறியைப் போட்டபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. கடித்த மறுநாளே ஒன்றும் ஆகாது என்பது அறிவுக்குத் தெரிந்தது. அறிவு சொல்வதை வயிறு எப்போது கேட்டிருக்கிறது?

இதெல்லாம் போகட்டும், நாய் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. போனை எடுத்தார்.

"என்ன சம்பந்தி, காலங்காத்தால?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான். ஹாரன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கானே" என்றார் சம்பந்தியம்மா. குரலில் ஆச்சரியம்.

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"தண்ணி குடிச்சானா?"

"குடிச்சான். எதுக்குக் கேக்கறீங்க?"

"வெயில் காலமாச்சே" என்றார் பல்செட்காரர்.

அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். தினமும் என்ன சாக்குச் சொல்வது என்று மெழுகை உருக்கும்போதெல்லாம் யோசிப்பார். ஒரு நாள் கல்யாண மண்டபத்தின் வாடகை, ஒரு நாள் அழைப்பிதழில் எழுத்துப் பிழை. எதில் ஆரம்பித்தாலும் ஹாரனில் வந்து முடியும். நாலைந்து நாள் போனதும் சாக்கே தேவைப்படவில்லை. போனை எடுத்ததுமே சம்பந்தியம்மா, "உங்க ஆளு இப்பதான் சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கான்" என்று ஆரம்பித்துவிடுவார். பிறகு படங்கள் வர ஆரம்பித்தன. ஹாரன் தூங்குகிறது. ஹாரன் செருப்பைக் காவல் காக்கிறது. பல்செட்காரர் ஒவ்வொரு படத்தையும் பட்டறை விளக்கின் கீழே பிடித்து, வாயோரத்தில் எச்சில் இருக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்துவிட்டு 'அருமை' என்று பதில் போடுவார்.

ஒரு நாள் சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "அப்பா, அத்தை உங்களைப் பத்தியே பேசிக்கிட்டிருக்காங்க. மாமா போனதுக்கப்புறம் அந்த வீட்டுக்கு யாரும் தினம் போன் பண்ணி விசாரிச்சதே இல்லையாம். அவங்க பையனே வாரத்துக்கு ரெண்டு தடவைதான் பண்ணுவாராம். 'உங்கப்பாவைப் பாத்துக் கத்துக்கச் சொல்லு'ன்னு என்கிட்டயே சொல்றாங்க."

பல்செட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. சோறு இறங்கவில்லையே என்று உடனே இன்னொரு பயம். அவசரமாகத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம். கடற்கரைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். காயம் நனையக் கூடாது என்று வீட்டில் காரணம் சொன்னார், வேலை அதிகம் என்று சங்கத்தில் சொன்னார். சங்கத்துக்காரர்கள் விசாரணைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். நீங்கள்தான் பேச வேண்டும் என்றார்கள். இரண்டு டாக்டர்களுக்கு அனுப்பிய பல்செட்டுகள் மேலும் கீழும் பொருந்தாமல் திரும்பி வந்தன. அவர் கையில் அப்படி ஆனதே இல்லை.

பத்து நாள் கெடு முடிய ஒரே ஒரு நாள் இருந்தது. அன்று காலை அவர் போனை எடுப்பதற்குள் போனே அடித்தது.

"சம்பந்தி, ஹாரனைக் காணோம்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கதவைச் சரியா சாத்தாம விட்டுட்டேன் போல. விடிஞ்சு பாத்தா இல்ல. தெருவெல்லாம் தேடிட்டேன். பையன் ஊர்ல இல்ல. யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல, உங்களைத்தான் கூப்பிடத் தோணுச்சு. அவன்மேல வேற யாருக்கு அக்கறை?"

"நேத்து சாப்பிட்டானா?"

"நேத்து ராத்திரி சரியா சாப்பிடல. அதைத்தான் நினைச்சு நினைச்சு..."

"வர்றேன்" என்றார் அவர். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

டிரைவிங் ஸ்கூல் காரிலேயே தேடக் கிளம்பினார்கள். கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் இடது சீட்டில் பல்செட்காரர். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. குப்பைத்தொட்டிக்குப் பின்னால் பழுப்பாக ஏதாவது தெரிந்தால் போதும், அவர் கால் தானாக அழுத்திவிடும். வண்டி குலுங்கி நிற்கும். பின்னால் வருகிறவன் திட்டிவிட்டுப் போவான்.

"காலைப் பிரேக்லேருந்து எடுங்க சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மா. அவர் கண்கள் கலங்கியிருந்தன. "உங்களுக்கு என்னைவிடப் பதட்டமா இருக்கு."

பல்செட்காரர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. இந்த நேரத்திலா என்று உள்ளே போய்விட்டது. சந்தை, பஸ் நிலையம், பள்ளிக்கூட மைதானம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் சம்பந்தியம்மா, "கடற்கரைக்கே போயிருப்பானோ?" என்றார். எதிர்மனு போட்ட நாளிலிருந்து சங்கத்துக்காரர்கள் முறைக்கிறார்கள் என்று அவர் இரண்டு வாரமாக நாயை அங்கே கூட்டிப்போகவில்லையாம், அந்த ஞாயிற்றுக்கிழமை தவிர.

உச்சி வெயில். கடற்கரையில் ஆளில்லை. அலையைத் தடுக்கக் கடலுக்குள் போட்ட கல் அணை ஆரம்பிக்கும் இடத்தில், அலை வந்து போகிற ஈர மணலில் ஹாரன் நின்றிருந்தது. நின்றிருந்தது என்று சொல்ல முடியாது. நாலு காலையும் அகட்டி வைத்துத் தள்ளாடிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து வெள்ளையாக நுரை தொங்கியது.

"ஹாரன்" என்று கூப்பிட்டார் சம்பந்தியம்மா. அது திரும்பவில்லை. "ஐயோ, என் தங்கமே" என்று அவர் மணலில் ஓட ஆரம்பித்தார்.

பல்செட்காரர் தன் வயதை மறந்து பின்னால் ஓடி அவர் முன்கையைப் பிடித்து நிறுத்தினார். அதுவரை அவர் சம்பந்தியம்மாவைத் தொட்டுப் பேசியதில்லை.

"தொடாதீங்க."

"விடுங்க. அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"அதனாலதான் சொல்றேன், தொடாதீங்க. அவன் என்னைக் கடிச்சிருக்கான்."

சம்பந்தியம்மா நின்றார். பல்செட்காரர் கையை விரித்துக் காட்டினார். காயம் ஆறிக் கறுப்பாக இரண்டு புள்ளிகள். அம்மா அதைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

"எப்ப?"

"அன்னைக்கு. நீங்க போன் பேசிக்கிட்டிருந்தப்ப. பத்து நாள் நாயைப் பாக்கச் சொன்னார் டாக்டர். நுரை தள்ளுனா, தள்ளாடுனா... இதையெல்லாம்தான் சொன்னார்."

தினமும் வந்த போன்களின் அர்த்தம் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்வது சம்பந்தியம்மாவின் முகத்தில் தெரிந்தது. நாய் முன்னங்கால் மடங்கி ஈரமணலில் விழுந்தது. அடுத்த அலை வந்து அதன் முகத்தை நனைத்தது. சம்பந்தியம்மா மறுபடி காலை எடுத்து வைத்தார்.

"நீங்க போகாதீங்க" என்றார் பல்செட்காரர். "எனக்கு ஊசி போட்டாச்சு. உங்களுக்குப் போடல. தொடறதுன்னா நான்தான் தொடணும்."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்தது. காரிலிருந்து தடித்த சீட் உறையை உருவி எடுத்துவந்தார். நாயின் வாய்ப்பக்கம் போகாமல் பின்னால் சுற்றிப் போய், முதலில் அதன் தலையை மூடினார். பிறகு மொத்தமாகச் சுருட்டித் தூக்கினார். அது திமிறவில்லை. திமிறாதது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. நாய் என்பது இவ்வளவு சூடாக இருக்கும் என்றோ, இவ்வளவு கனமாக இருக்கும் என்றோ அவர் நினைத்ததில்லை. அதன் இதயம் அவர் வயிற்றில் இடித்துக்கொண்டே இருந்தது. அவருடையதும் அதே வேகத்தில்தான் ஓடியது.

பின் சீட்டில் நாயை மடியில் வைத்து உட்கார்ந்தார். சம்பந்தியம்மா ஓட்டினார். வழியில் அது இரண்டு முறை வாந்தியெடுத்தது. தண்ணீரும் மணலும் அவர் வேட்டியெல்லாம் வழிந்தன. கண்ணாடி வழியாக அம்மா பார்ப்பது தெரிந்தது.

மாட்டாஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்லும் அந்த இடத்தில் நாய்களைப் பார்க்கிற டாக்டரும் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நீளக் கையுறையை மாட்டிக்கொண்டு, கவனமாகத்தான் பார்த்தார். வாந்தியை முகர்ந்தார், ரத்தம் எடுத்தார்.

"கடல் தண்ணியைக் குடிச்சிருக்கு" என்றார் கடைசியில். "நிறையக் குடிச்சிருக்கு. தாகத்துல குடிக்கும், குடிக்கக் குடிக்கத் தாகம் அதிகமாகும். உப்பு தலைக்கேறினா தள்ளாடும், நுரை தள்ளும். டிரிப் ஏத்துறேன். நீங்க பயப்படற வியாதி மாதிரி எனக்குத் தோணல. இருந்தாலும் இங்கேயே தனியா வெச்சுப் பாக்கறேன். இப்பவே இல்லைன்னு எழுதிக் கொடுக்க முடியாது."

வெளியே ஒரு பெஞ்ச் இருந்தது. இருவரும் அதன் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார் சம்பந்தியம்மா.

"கல்யாணம் கெட்டுடுமோன்னு..."

"கையைப் பத்தி நான் கேக்கல. நாய் கடிக்கும். கயித்தை விட்டது நான், அதுக்கு நான்தான் பதில் சொல்லணும். ஊசியைத் தள்ளிப்போட்டதும் நான்தான்." அவர் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தினம் காலையில போன் பண்ணீங்களே. அதைக் கேக்கறேன். சாப்பிட்டானா, தண்ணி குடிச்சானான்னு. நான் விடிஞ்சதும் போனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் சம்பந்தி. இன்னைக்கு என்ன சொல்லலாம், எந்தப் படத்தை அனுப்பலாம்னு. நீங்க அவனைப் பத்திக் கேக்கவே இல்ல. உங்களைப் பத்தித்தான் கேட்டுக்கிட்டிருந்தீங்க."

பல்செட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வேட்டியில் மணல் காய்ந்துகொண்டிருந்தது.

"எனக்குப் பயம்" என்றார். "சின்ன வயசிலேருந்தே. தெருவுல நாய் வந்தா எதிர்ப் பக்கம் போயிடுவேன். மனு எழுதறப்பகூட அதை எழுதல."

சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்று வீட்டில் எல்லாம் வெளியே வந்தது. வேட்டியைப் பார்த்த பிறகு எதை மறைப்பது? "மெஷினுக்குக் கோரைப்பல் முளைச்சிருக்குன்னு நான் அன்னைக்கே நினைச்சேன்" என்றார் மனைவி. சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. மகள்தான் அதிகம் கோபப்பட்டாள். "உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா எங்களுக்கு எதனாலன்னுகூடத் தெரிஞ்சிருக்காது. என் கல்யாணத்துக்காகன்னு சொல்லாதீங்கப்பா. அந்தப் பாரத்தை என் தலையில வைக்காதீங்க." மறுநாள் முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.

அந்த நாட்கள்தான் அவருக்கு எல்லாவற்றிலும் மோசம். நாய் என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும். ஆனால் போனைத் தொட முடியவில்லை. எண்ணை எடுப்பார், வைத்துவிடுவார். இப்போது கேட்டால் யாரை விசாரிப்பதாக அர்த்தம் என்று அவருக்கே தெரியவில்லை. தன்னைத்தான் என்றால் வெட்கம். அவனைத்தான் என்றால் சம்பந்தியம்மா நம்பமாட்டார். உருக்கிய மெழுகில் சாயம் கலந்ததுபோல இரண்டும் கலந்துபோயிருந்தன. பிரித்தெடுக்க வழியில்லை. அந்தச் சூடும் கனமும் மடியில் இருப்பதுபோலவே அடிக்கடி தோன்றியது. கடைசியில் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எழுந்து நிக்குது. சாப்பிடுதாம். கெடு தாண்டிடுச்சு, டாக்டர் வீட்டுக்கு அனுப்பிட்டார்" என்றவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அந்தம்மா உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கல்யாண வேலையைப் பத்தி மட்டும் பேசினாங்க. நல்லாத்தான் பேசினாங்க" என்றார்.

மாதக் கடைசியில் நகராட்சி அரங்கில் விசாரணை நடந்தது. ஒரு பக்க நாற்காலிகளில் நீச்சல்காரர்கள், மறுபக்கம் நாய் வளர்ப்பவர்கள். நாய் கடித்த சேதி எப்படியோ சங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. "கையைக் காட்டுங்க, அது போதும்" என்று பக்கத்திலிருந்தவர் அவர் காதில் சொன்னார்.

பல்செட்காரர் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். எழுதிக் கொண்டுவந்ததை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு நாயின்னா பயம்" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "என்னை மாதிரி நிறையப் பேர் இருப்பாங்க. சொல்லமாட்டாங்க. கடற்கரைக்கு வராம இருந்துடுவாங்க, அவ்வளவுதான். என்னை ஒரு நாய் அங்க கடிச்சுது. அது கெட்ட நாய் இல்ல. முகத்துல ஈரத் துணி விழுந்தா யாரா இருந்தாலும் பதறுவாங்க. ஆனா அதுக்கப்புறம் நான் பட்ட பயத்தை இன்னொருத்தர் படக் கூடாது. நாய் வரவே கூடாதுன்னு எழுதினேன். இப்ப அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரல. நாய் இல்லாத ஒரு இடம், இல்லைன்னா ஒரு நேரமாவது எங்களுக்கு வேணும். பயப்படறவங்களும் இந்த ஊர்க்காரங்கதான்."

சங்கத்துப் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. அவர் திரும்பி நடக்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து சம்பந்தியம்மா எழுந்தார். ஒலிபெருக்கிக்கு வராமல், நின்ற இடத்திலிருந்தே பேசினார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த குரல், ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"அந்த நாய் என்னுது. கயித்தைக் கீழே விட்டுட்டு நான் போன் பேசிக்கிட்டிருந்தேன். தடுப்பூசி தேதி தாண்டியிருந்துச்சு. தப்பு என்னுது. ஆனா ஒருத்தன் இடிச்சுட்டான்னு ரோட்டையே மூடுவீங்களா? லைசன்ஸ் கேளுங்க. ஊசி போட்டதுக்கு அத்தாட்சி கேளுங்க. கயிறு இல்லாம வந்தா அபராதம் போடுங்க. முதல்ல எனக்கே போடுங்க."

விசாரணை நடத்திய நகராட்சித் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். விவாதம் சாயங்காலம்வரை இழுத்தது. கடைசியில், ஆறு மாதத்துக்குச் சோதனை முறையில், கல் அணைக்கு அந்தப் பக்கம் மட்டும் நாய்கள் வரலாம், கயிறும் தடுப்பூசிச் சான்றும் கட்டாயம், இந்தப் பக்கம் எப்போதும் கூடாது என்று தீர்மானம் ஆனது. இரண்டு தரப்பும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கலைந்தன. துரோகி என்று சங்கத்தில் ஒருவர் அவர் காதுபடவே சொன்னார்.

வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றிருந்தது. ஜன்னல்களைப் பாதி இறக்கி, நிழலில் நிறுத்தி, ஹாரனுக்குக் காவலாக வருங்கால மருமகளை உட்கார வைத்திருந்தார் சம்பந்தியம்மா. மகள் அப்பாவைப் பார்த்ததும் இறங்கி வந்து, அவர் கையை வாங்கிக் காயத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"நாளைக்குக் கடைசி ஊசி. நான் கூட வர்றேன்" என்றாள்.

"ஏறுங்க, வீட்டுல விடறேன்" என்றார் சம்பந்தியம்மா பல்செட்காரரிடம். முகம் பழையபடி இல்லை, கோபமாகவும் இல்லை.

மகள் பின்னால் நாயோடு உட்கார்ந்தாள். அவர் முன்னால் ஏறினார். வண்டி கிளம்பியது. நாய் சீட்டுக்கு நடுவே தலையை நுழைத்தது. அதன் மூச்சு அவர் காதோரத்தில் சூடாகப் பட்டது. அவர் முதுகு விறைத்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே கடைகளை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கா?" என்றார் சம்பந்தியம்மா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருக்கு."

"வண்டியை நிறுத்தி அவனைப் பின்னால கட்டட்டுமா?"

பல்செட்காரர் கொஞ்சம் யோசித்தார். காதோரம் மூச்சு வந்துகொண்டே இருந்தது.

"கட்டிடுங்க" என்றார்.

சம்பந்தியம்மா வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி, பின்கதவைத் திறந்து, ஹாரனின் கயிற்றைக் கைப்பிடியில் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, வண்டியை மறுபடி சாலையில் ஏற்றினார்.